என்.பி.ஏ. 2கே20: ஏழு வயதுப் பிள்ளையிடம் கொடுக்கலாமா?

பால்மரத்து மகள்:

வணக்கம். சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். ஜொகூரில் வேலை பார்க்கும் என் தம்பி தன்னுடைய பழைய பிளேஸ்டேஷன் 4 விளையாட்டுப் பெட்டியை மருமக்களுக்கென்று கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். கூடவே ஒரே ஒரு வட்டு: என்.பி.ஏ. 2கே20 என்னும் கூடைப்பந்து விளையாட்டு. மகளுக்குப் பத்து வயது, மகனுக்கு ஏழு. இருவரும் தமிழ்ப்பள்ளியில் படிக்கிறார்கள். பெட்டி இன்னும் அலமாரிக்கு மேல்தான் இருக்கிறது. பள்ளி விட்டு வந்ததும் இருவரும் முதலில் அதைத்தான் அண்ணாந்து பார்க்கிறார்கள்.

உறையின் மூலையில் 3 என்ற எண் இருக்கிறது. மூன்று வயதுக் குழந்தைகூட விளையாடலாம் என்று பொருள் என்கிறான் தம்பி. எனக்கு அது போதவில்லை. வீட்டுக்காரர் செம்பனை ஆலையில் ஷிப்டு வேலை பார்ப்பவர். மாலையில் நான் சமையலறையில் இருப்பேன். பிள்ளைகள் பக்கத்தில் எந்நேரமும் உட்கார்ந்திருக்க ஆளில்லை. அடிதடி இருக்கிறதா, கெட்ட பேச்சு வருமா, பணம் கேட்குமா, ஏழு வயதுப் பிள்ளைக்கு முதலில் அது விளங்குமா என்பதையெல்லாம் தெரிந்துகொண்ட பிறகே பெட்டியைக் கீழே இறக்க நினைக்கிறேன். விளையாடிப் பார்த்தவர்களும் பிள்ளை வளர்த்தவர்களும் சொல்லுங்கள்.

செம்பனைச் சாலை:

அக்கா, பந்தைத் தட்டிக்கொண்டு ஓடுகிறார்கள், கூடையில் போடுகிறார்கள். இதில் பயப்பட என்ன இருக்கிறது? துப்பாக்கி எடுத்துச் சுடும் விளையாட்டை ஆறு வயதுப் பிள்ளை கைப்பேசியில் விளையாடுவதை உணவகத்தில் தினமும் பார்க்கிறேன். அதற்கு இது எவ்வளவோ மேல். தைரியமாகக் கொடுங்கள்.

இரவுச்சந்தைக் கடை:

இரவுச் சந்தையில் பழைய வட்டுகள் விற்பவன் நான். அந்த எண்ணைப் பற்றி என்னிடம் கேட்காத தாய்மார்கள் குறைவு. ஆகவே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

3 என்பது ஐரோப்பாவில் விளையாட்டுகளுக்கு வயது மதிப்பீடு செய்யும் பெகி அமைப்பு கொடுப்பது. அமெரிக்கப் பதிப்பாக இருந்தால் 'ஈ' என்ற ஆங்கில எழுத்து இருக்கும், எல்லாருக்கும் ஏற்றது என்பது அதன் பொருள். அதைக் கொடுப்பது ஈ.எஸ்.ஆர்.பி. என்ற அமைப்பு. நம் மலேசியாவில் திரைப்படத்திற்குத் தணிக்கை வாரியம் பி12, 13, 16, 18 என்று வயதைப் பிரித்துக் கொடுக்கிறது. படம் பார்த்துப் பழகிய பெற்றோர், வட்டின் உறையில் இருக்கும் எண்ணையும் அதே கண்ணோடு பார்க்கிறார்கள். அது வேறு நாட்டார் வேறு அளவுகோலால் அளந்தது.

அவர்கள் முக்கியமாகப் பார்ப்பது கண்ணுக்கும் காதுக்கும் வருவதை: ரத்தம், வன்முறை, ஆபாசம், அச்சம், வசை. அந்தக் கணக்கில் 2கே20 சுத்தமான விளையாட்டுதான். தள்ளுமுள்ளு வந்தால் நடுவர் விசில் ஊதி ஃபவுல் கொடுப்பார், அவ்வளவே. ஆனால் இணையத்தில் பிறரோடு ஆடும்போது அந்தப் பக்கத்திலிருந்து என்ன பேச்சு வரும் என்பது இந்த மதிப்பீட்டுக்குள் வராது. அமெரிக்க அமைப்பு அதைத் தன் குறிப்பிலேயே சொல்லிவிடுகிறது. இன்னொன்று: பணம் கொடுத்தால் எது கிடைக்கும் என்று தெரியாமல் வாங்கும் பொருள்கள் இருந்தால் அதை உறையில் சொல்ல வேண்டும் என்று இரண்டு அமைப்புகளும் 2020 ஏப்ரலில்தான் ஏற்பாடு செய்தன. 2கே20 வெளிவந்தது 2019 செப்டம்பரில். அந்த எச்சரிக்கை உங்கள் உறையில் இல்லையென்றால் அந்த விஷயமே இல்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

படிவம் ஐந்து:

அக்கா, இந்த விளையாட்டை நான் பல பதிப்புகளாக விளையாடி வருகிறேன். கடைக்கார அண்ணன் கடைசியாகச் சொன்னதை விளக்குகிறேன்.

2கே20 ஒரே விளையாட்டு இல்லை. உள்ளே தனித்தனிப் பகுதிகள் இருக்கின்றன. 'பிளே நவ்' என்பது நேரடி ஆட்டம். இரண்டு அணிகளைத் தேர்ந்தெடுத்து ஆட வேண்டியதுதான். 'பிளாக்டாப்' என்பது தெருவோரத் திடலில் ஒருவருக்கு ஒருவர் அல்லது சிறு குழுக்களாக ஆடுவது. இந்த இரண்டிலும் பணப்பேச்சே கிடையாது, இணையமும் வேண்டாம்.

'மைகரியர்' என்பது நாமே ஓர் ஆட்டக்காரரை உருவாக்கி வளர்ப்பது. அவருடைய திறன் 60 புள்ளியில் தொடங்கும், உச்சம் 99. ஏற்றுவதற்கு வி.சி. என்னும் விளையாட்டுக் காசு வேண்டும். ஆடியும் சம்பாதிக்கலாம், உண்மையான பணம் கொடுத்தும் வாங்கலாம். ஆடிச் சம்பாதிப்பது மிக மெதுவாக நகரும். அந்தக் காசில் சட்டை, காலணி, முடியலங்காரம் எல்லாம் விற்பார்கள். இணையத்தில் மற்றவர்களோடு ஆடும் திடலில் 60 புள்ளி ஆட்டக்காரரோடு போய் நின்றால் யாரும் பந்தே தரமாட்டார்கள். அங்கேதான் சிறு பிள்ளைகளுக்கு மனம் உடையும், பணம் கேட்கும் எண்ணமும் வரும்.

'மைடீம்' என்பது ஆட்டக்காரர்களின் படம் போட்ட அட்டைகளைச் சேர்த்து அணி அமைப்பது. அட்டைப் பொட்டலத்தை வி.சி. கொடுத்து வாங்கினால் உள்ளே யார் இருப்பார் என்பது பிரித்த பிறகுதான் தெரியும். 2019இல் இந்தப் பகுதிக்கு வந்த விளம்பரப் படத்தில் சுழல் சக்கரமும் சூதாட்ட இயந்திரமும் வந்தன. உலகம் முழுவதும் விளையாடுபவர்களே கொதித்தார்கள். ஆனாலும் பெகி கொடுத்த 3 என்ற எண் மாறவில்லை.

பழைய கிராணி:

தம்பி எழுதியதைப் படித்து எனக்கு நெஞ்சு பதறுகிறது. நம் ஊரில் நாலு நம்பர் லாட்டரிக் கடைக்குள் 21 வயது நிரம்பாதவன் காலெடுத்து வைக்கக் கூடாது என்பது சட்டம். வாசலிலேயே எழுதி ஒட்டியிருக்கிறார்கள். காசைக் கொடுத்துவிட்டு என்ன விழும் என்று காத்திருப்பதுதானே அந்தக் கடையில் நடப்பது? அதையே படம் போட்டு, பாட்டுப் போட்டு, மூன்று வயதுக்கு ஏற்றது என்று எழுதி விற்றால் அதை நாம் கைநீட்டி வாங்க வேண்டுமா?

தோட்டத்தில் சம்பள நாளன்று கணக்குப் பார்த்துப் பணம் பட்டுவாடா செய்தவன் நான். பால் வெட்டிச் சம்பாதித்த கூலி லயத்து வீட்டை எட்டுவதற்கு முன்பே எண் எடுக்கப் போய்விட்ட குடும்பங்களை எனக்குத் தெரியும். அந்த வீட்டுப் பிள்ளைகள் எந்தச் செருப்போடு பள்ளிக்கு வந்தார்கள் என்பதும் தெரியும். ஆகவே இதைப் பொழுதுபோக்கு என்று என்னால் ஒதுக்க முடியவில்லை.

என் அண்ணன் பேரன் கைப்பேசியில் ஒரு கால்பந்து விளையாட்டு வைத்திருந்தான். அதிலும் இப்படித்தான் பொட்டலம். கைப்பேசியின் மாதக் கட்டணத்தோடு சேர்ந்து பணம் போய்க்கொண்டே இருந்தது. கட்டணச் சீட்டு வந்தபோதுதான் வீட்டில் தெரிந்தது. பையனை அடித்தார்கள். எட்டு வயதுப் பிள்ளைக்கு அந்தப் பொட்டலத்துக்குப் போவது பணம் என்று எப்படித் தெரியும்? அடி வாங்க வேண்டியவன் அவன் இல்லை.

செம்பனைச் சாலை:

ஐயா, உங்கள் கவலையை மதிக்கிறேன். ஆனால் பொட்டலம் விற்கிறார்கள் என்பதற்காகப் பந்தையும் சேர்த்துத் தூக்கி எறிய வேண்டுமா? பள்ளி வாசலில் விற்கும் பொம்மை அட்டையும் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் வாங்குவதுதான். பிள்ளைக்குக் காசின் அருமையைச் சொல்லிக் கொடுக்க இதுவும் ஒரு வாய்ப்பு என்று நான் பார்க்கிறேன்.

பழைய கிராணி:

பள்ளி வாசலில் ஒரு ரிங்கிட்டை நீட்டும்போது அது கையை விட்டுப் போவதைப் பிள்ளை பார்க்கிறான். கடை மூடினால் வீட்டுக்கு நடக்கிறான். இங்கே கடை வீட்டுக் கூடத்திலேயே இரவும் பகலும் திறந்திருக்கிறது, பணம் போவதும் கண்ணுக்குத் தெரிவதில்லை. பெல்ஜியத்தில் 2018இலேயே இப்படிப்பட்ட பொட்டல விற்பனையைச் சூதாட்டச் சட்டத்தின் கீழ் கொண்டுவந்தார்கள் என்று என் மகன் சொல்கிறான். ஒரு நாட்டு அரசாங்கம் சூது என்று சொன்னதை வைத்துப் பிள்ளைக்குப் பாடம் நடத்த நான் தயாரில்லை.

படிவம் ஐந்து:

ஐயா சொன்னது உண்மை. பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம் அப்படி அறிவித்த பிறகு இந்த விளையாட்டை வெளியிடும் நிறுவனமும் அங்கே மைடீம் பொட்டலங்களைக் காசுக்கு விற்பதை நிறுத்தியது.

ஆனால் அக்காவுக்கு ஒரு நல்ல செய்தி இருக்கிறது, இதை முதலிலேயே எழுதியிருக்கலாம். ஒவ்வொரு பதிப்புக்கும் இணைய சேவையைச் சில ஆண்டுகளில் மூடிவிடுவார்கள். 2கே20இன் சேவை 2021 டிசம்பர் 31ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அதாவது, உங்கள் வட்டில் மைடீம் இயங்காது. இணையத் திடல் இல்லை, முன்பின் தெரியாதவர் பேசும் குரலும் இல்லை. வி.சி. கடையும் மூடிவிட்டது. பிளே நவ், பிளாக்டாப் போன்ற, இணையம் தேவைப்படாத ஆட்டங்கள் மட்டும் எப்போதும்போல் ஓடும்.

என் வயதுக்காரர்கள் இந்தப் பதிப்பைச் செத்துப்போன வட்டு என்று சொல்வார்கள். சிறு பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு இதைவிடப் பொருத்தமான பதிப்பு கிடைக்காது என்பது என் கருத்து.

இரவுச்சந்தைக் கடை:

தம்பி சொன்னது முற்றிலும் சரி. என்னிடம் இதைப் போன்ற பழைய பதிப்புகள் மலிவாகக் கிடைப்பதும் அதனால்தான். வாங்கும் பெற்றோரிடம் நானும் இதையே சொல்லி வருகிறேன்.

புறப்பாட ஆசிரியர்:

தமிழ்ப்பள்ளி ஒன்றில் புறப்பாட நடவடிக்கைகளுக்குப் பொறுப்பாக இருக்கிறேன். பணத்தைப் பற்றிப் பேசிவிட்டீர்கள், நல்லது. சகோதரி கேட்ட இன்னொரு கேள்வியை யாரும் தொடவில்லை. ஏழு வயதுப் பிள்ளைக்கு இது விளங்குமா என்று கேட்டிருந்தார். என்னைக் கேட்டால் அதுதான் முதல் கேள்வி.

இது பார்ப்பதற்கு எளிது, ஆடுவதற்குக் கடினம். கட்டுப்பாட்டுக் கருவியில் சதுர விசை பந்தை எறிய, பெருக்கல் குறி பந்தைத் தோழருக்குக் கொடுக்க, ஆர்2 வேகமாக ஓட. எறியும்போது விசையை அழுத்திப் பிடித்து, சரியான கணத்தில் விட வேண்டும். முந்தினாலும் பிந்தினாலும் பந்து வளையத்தில் பட்டுத் தெறித்துவிடும். சரி, இதைப் பிள்ளை கற்றுக்கொண்டான் என்று வைத்துக்கொள்வோம். பந்து எதிரணியிடம் போன அந்த நொடியே அதே சதுரம் பந்தைப் பறிக்கும் விசையாக மாறிவிடுகிறது. முக்கோணம் எகிறித் தடுக்கும் விசையாகிவிடுகிறது. ஏழு வயதில் இந்த மாற்றத்தைக் கை ஏற்றுக்கொள்ள நாளாகும். அதுவரை பிள்ளை தோற்றுக்கொண்டே இருப்பான். கோபத்தில் அவன் கட்டுப்பாட்டுக் கருவியை வீசினால் அதற்காகவே விளையாட்டைத் திட்டிப் பயனில்லை.

ஆகவே சில ஏற்பாடுகள். கடின நிலையை 'ரூக்கி' என்பதற்கு இறக்குங்கள், அதுதான் மிக எளிது. உண்மையான என்.பி.ஏ., அதாவது அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்துச் சங்கத்தின் ஆட்டத்தில் ஒரு பகுதிக்கு 12 நிமிடம், நான்கு பகுதிகள். விளையாட்டில் அதை மூன்று நிமிடமாகக் குறைக்க முடியும். குறைத்துவிட்டு, நேரத்தை மணியால் அளக்காமல் ஆட்டத்தால் அளங்கள். 'இன்றைக்கு ஓர் ஆட்டம்' என்றால் பிள்ளை ஏற்றுக்கொள்வான். வெற்றி தோல்வி தெரியாத நடு ஆட்டத்தில் போய் நிறுத்தச் சொன்னால் எந்தப் பிள்ளையும் அழத்தான் செய்வான்.

எல்லாவற்றையும்விட நான் முக்கியமாக நினைப்பது இது: இன்னொரு கட்டுப்பாட்டுக் கருவி வாங்குங்கள். பிளே நவ்வில் இருவரும் ஒரே அணியில் சேர்ந்து கணினியை எதிர்த்து ஆடலாம். அக்காளையும் தம்பியையும் எதிரெதிராக ஆடவிட்டால் பத்து வயதுக்காரி ஒவ்வொரு முறையும் ஜெயிப்பாள், வீடு ரணகளமாகும். ஒரே அணியில் வைத்தால் அவள் பந்தைக் கொண்டுவருவாள், அவன் கூடைக்கு அருகில் நின்று வாங்குவான். கூடைப்பந்தில் நாங்கள் திடலில் படாத பாடுபட்டுக் கற்றுக்கொடுப்பதும் இந்தப் பந்துப் பரிமாற்றத்தைத்தான்.

விதிகளும் கொஞ்சம் மனத்தில் பதியும். திரையில் 24இலிருந்து கீழிறங்கும் எண் என்னவென்று என் மாணவர்கள் கேட்டதுண்டு. 1950இல் ஓர் என்.பி.ஏ. ஆட்டம் 19க்கு 18 என்ற கணக்கில் முடிந்தது. முன்னணியில் இருப்பவர்கள் எறியாமல் பந்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு காலம் கடத்துவார்கள், பார்க்க வந்தவர்களுக்கு அலுத்துவிடும். அதற்காகத்தான் 1954இல் 24 நொடிக்குள் எறிய வேண்டும் என்ற விதி வந்தது. இந்தக் கதையைச் சொன்னால் பிள்ளைகள் விடமாட்டார்கள், 'பிறகு என்ன ஆனது சார்' என்று கேட்பார்கள்.

மூன்றாம் லயம்:

ஆட்டக்காரர்களின் கை, கழுத்து எல்லாம் பச்சை குத்தியிருக்கிறார்கள். பின்னணியில் வேகமான அமெரிக்கப் பாட்டு ஓடிக்கொண்டே இருக்கிறது. வளரும் பிள்ளைகள் இதைப் பார்த்து வளரத்தான் வேண்டுமா? அடிதடி இல்லை என்பது மட்டும் போதுமா?

புறப்பாட ஆசிரியர்:

அந்தப் பச்சை உண்மையான மனிதர்களின் உடம்பில் இருப்பது. என்.பி.ஏ. ஆட்டக்காரர் லெப்ரான் ஜேம்ஸ் தோளில் என்ன இருக்கிறதோ அதையே திரையிலும் வரைந்திருக்கிறார்கள். அதற்காக வழக்குகூட நடந்தது. பச்சைக்கு உரிமை கோரிய நிறுவனம் 2020இல் நியூயார்க் நீதிமன்றத்தில் தோற்றது. நம் தாத்தா பாட்டிமார்கூடக் கையில் பச்சை குத்தியவர்கள்தான். என் பாட்டியின் முழங்கையில் கோலம் இருந்தது. பச்சையை வைத்து ஒரு மனிதரை எடைபோட நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். பாட்டு பிடிக்கவில்லையென்றால் அமைப்புக்குப் போய்ப் பாட்டின் ஒலியை மட்டும் குறைத்துவிடலாம், ஆட்டத்தின் ஒலி அப்படியே இருக்கும்.

மைகரியர் கதையைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதில் ஒரு கல்லூரி ஆட்டக்காரன், காயம்பட்ட தன் தோழனுக்கு உதவித்தொகையை நிறுத்திவிட்டார்களே என்று நியாயம் கேட்டு அணியை விட்டு வெளியேறுகிறான். கருத்து நல்லதுதான். ஆனால் முழுக்க ஆங்கிலப் பேச்சு, நீளமான காட்சிகள். ஏழு வயதுக்கு ஒன்றும் புரியாது. பன்னிரண்டு பதின்மூன்று வயதில் தகப்பனும் மகனும் சேர்ந்து பார்த்துப் பேசலாம்.

மருத்துவமனைத் தாதி:

நேரத்தைப் பற்றி மட்டும். 5 முதல் 17 வயது வரை உள்ளவர்களுக்கு நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிடமாவது உடம்பு வேர்க்கும் அசைவு வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. நான் பெற்றோரிடம் சொல்வது, அந்த 60 நிமிடம் முடிந்த பிறகே திரை. வரிசை மாறினால் அந்த நாளில் ஓட்டமே இருக்காது. வீட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை இருந்தால் அதையும் பக்கத்தில் உட்கார வைக்காதீர்கள். இரண்டு முதல் நான்கு வயது வரை மொத்தத் திரை நேரமே ஒரு மணிக்கு மேல் போகக் கூடாது என்று 2019இல் அதே நிறுவனம் சொல்லியிருக்கிறது. உறையில் இருக்கும் 3 என்ற எண் இதையெல்லாம் பார்த்துக் கொடுத்தது இல்லை. வலிப்பு வந்த சரித்திரம் இருக்கும் பிள்ளையானால், மின்னும் திரை கூடுமா என்று முதலில் மருத்துவரைக் கேளுங்கள்.

பால்மரத்து மகள்:

எல்லாருக்கும் நன்றி. நேற்று வீட்டுக்காரருக்கு விடுப்பு, பெட்டியை இறக்கினோம். இணையத்தோடு இணைக்கவில்லை. கடைக்கார அண்ணனிடமே பழைய கட்டுப்பாட்டுக் கருவி ஒன்று வாங்கிக்கொண்டோம். பகுதிக்கு மூன்று நிமிடம், ரூக்கி, இருவரும் ஒரே அணி.

மகனின் விரல் ஆர்2 வரை எட்டவில்லை. கருவியை மடியில் வைத்து, ஒரு கையால் திசையைத் திருப்பி, மற்றக் கையின் நடுவிரலால் ஆர்2ஐ அமுக்கினான். அப்போது எறியும் விசைக்கு விரல் மிச்சமில்லை. ஆகவே ஓடுவது மட்டும் அவன் வேலையாகிவிட்டது. பந்து கையில் வந்ததும் 'அக்கா, அக்கா' என்று கத்திக்கொண்டே பெருக்கல் குறியைக் குத்துவான். அது சில சமயம் எதிரணிக்காரன் கைக்கும் போகும். இரண்டாம் ஆட்டத்தில் கூடைக்குக் கீழே நின்றபடி ஒன்று போட்டுவிட்டான். சோபாவை விட்டு எழுந்து குதித்தவன் மூன்றாம் பகுதி முழுக்க நின்றுகொண்டேதான் ஆடினான்.

மகள் வேறு ஒன்றைக் கண்டுபிடித்தாள். அணிகளைத் தேடிக்கொண்டே போனபோது பெண்கள் அணிகள் வந்தன. 'அம்மா, பெண்களும் இருக்கிறார்கள்' என்று சமையலறைக்கே ஓடி வந்துவிட்டாள். பள்ளியில் வலைப்பந்து ஆடுகிறவள். வலைப்பந்தில் பந்தைத் தட்டிக்கொண்டு ஓட முடியாது, இதில் முடிகிறது என்பதுதான் அவளுக்குப் பெரிய வியப்பு.

ஒரு கேள்வி பாக்கி. தம்பி தீபாவளிக்குப் புதிய பதிப்பு வாங்கித் தருகிறேன் என்கிறான். வாங்கலாமா?

படிவம் ஐந்து:

அக்கா, பெண்கள் அணிகள் இந்தத் தொடரில் முதன்முதலாக வந்ததே 2கே20இல்தான். பெண்களுக்கான டபிள்யூ.என்.பி.ஏ.வில் அப்போதிருந்த 12 அணிகளும் அதில் இருக்கின்றன. மகளிடம் சொல்லுங்கள்.

புதிய பதிப்பு இப்போதைக்கு வேண்டாம் என்பேன். மூடிய கடை மறுபடி திறந்துவிடும். புதிய பதிப்புகள் 100 ஜிபியைத் தாண்டுகின்றன. தாமான் குடியிருப்பில் இணையம் மெதுவாக இருந்தால் இறக்கி முடிக்கவே படாத பாடு. வாங்கிய வி.சி. அடுத்த ஆண்டுப் பதிப்புக்குப் பொதுவாக வராது, ஒவ்வொரு செப்டம்பரிலும் மறுபடி 60இலிருந்து தொடங்க வேண்டும். பள்ளியில் நண்பர்கள் புதிய பதிப்பைப் பற்றிப் பேசுவார்கள், அந்த ஏக்கம் வரும். பழைய பதிப்பிலேயே புகழ்பெற்ற ஆட்டக்காரர் மைக்கேல் ஜோர்டானின் 1995-96 சிகாகோ புல்ஸ் அணி இருக்கிறது. அதை எடுத்துக் காட்டுங்கள், சில மாதம் தாக்குப்பிடிக்கும்.

பிற்காலத்தில் வாங்கினால், பிள்ளைகளுக்குத் தனியாகக் குழந்தைக் கணக்கு தொடங்குங்கள். அதை உங்கள் கணக்கின் கீழ் வைத்து, மாதச் செலவு வரம்பைப் பூஜ்யம் ஆக்குங்கள். குரல்பேச்சையும் செய்திகளையும் அங்கேயே தடுக்கலாம். வங்கி அட்டை எண்ணை எந்தக் கணக்கிலும் சேமித்து வைக்காதீர்கள். பிளேஸ்டேஷன் பிளஸ் சந்தா எடுக்காவிட்டால் இணையத் திடலில் பிறரோடு ஆட முடியாது, அதுவும் ஒரு பூட்டுதான்.

செம்பனைச் சாலை:

வரம்பைப் பூஜ்யம் ஆக்கி வைத்தால் புதிய பதிப்பையும் கொடுக்கலாம் என்பது என் எண்ணம். ஆசையாக வாங்கித் தருகிற தாய்மாமனின் கையை ஏன் தடுக்க வேண்டும்?

பழைய கிராணி:

தாய்மாமன் ஆசை நியாயம். அந்தப் பணத்துக்கு ஒரு நல்ல பந்து வாங்கித் தரச் சொல்லுங்கள். விலையும் குறைவு, அடுத்த செப்டம்பரில் காலாவதியும் ஆகாது. அந்தப் பழைய வட்டைப் பொறுத்தவரை, கடை மூடியிருக்கும் வரை எனக்கும் ஆட்சேபம் இல்லை.

மூன்றாம் லயம்:

கைப்பேசியிலும் இதே பெயரில் இலவசமாக இருக்கிறதே, அதைப் பெரிய மகனுக்குப் போட்டுக் கொடுக்கலாமா?

படிவம் ஐந்து:

பெயர்தான் ஒன்று, அது அட்டை சேர்க்கும் விளையாட்டு. பதிவிறக்கம் இலவசம், உள்ளே விற்பனை. உங்கள் வீட்டில் ஐபோன் அல்லது ஐபேட் இருந்தால் ஆப்பிள் ஆர்கேட் என்ற மாதச் சந்தாவில் இதன் ஆர்கேட் பதிப்பு இருக்கிறது. அந்தச் சந்தாவில் வரும் விளையாட்டுகளில் விளம்பரமும் இருக்காது, உள்விற்பனையும் இருக்காது. கைப்பேசியில்தான் வேண்டும் என்றால் அதைப் பாருங்கள்.

பால்மரத்து மகள்:

தம்பியிடம் பேசிவிட்டேன். பந்து வாங்கித் தருகிறேன் என்று ஒத்துக்கொண்டான். எந்த அளவு வாங்குவது? எங்கே கொண்டுபோய் ஆடுவது? எங்கள் பள்ளியில் வலைப்பந்துக் கம்பம் மட்டும்தான் இருக்கிறது, பலகை இல்லை.

புறப்பாட ஆசிரியர்:

இருவருக்கும் 5ஆம் எண் பந்து. பெரியவர்களின் 7ஆம் எண் பந்தை வாங்கிவிடாதீர்கள், ஏழு வயதுக் கைக்குள் அது அடங்காது. சிறுவர் கூடைப்பந்தில் வளையத்தின் உயரம் 2.60 மீட்டர், பெரியவர்களுக்கு 3.05. விளையாட்டில் பார்த்ததுபோல் தூரத்திலிருந்து எறியத்தான் பையன் ஆசைப்படுவான். கையில் வலு இல்லாமல் இடுப்பிலிருந்து வீசிப் பழகிவிட்டால் பிறகு திருத்துவது சிரமம். கூடைக்குப் பக்கத்தில் நின்று பலகையில் அடித்துப் போடச் சொல்லுங்கள்.

திடலுக்கு, உங்களுக்கு அருகிலுள்ள சீனப் புதுக்கிராமத்தில் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலான கிராமங்களில் பொதுத் திடல் இருக்கும். இருட்டிய பிறகு பெரியவர்கள் ஆட வருவார்கள், ஐந்தரை மணிக்கே போனால் ஒரு பக்கத்துக் கூடை காலியாக இருக்கும். என் மாணவர்களை நான் அப்படித்தான் கூட்டிப்போகிறேன். அங்கே ஆடும் அங்கிள்மார்களே பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு சொல்லிக்கொடுப்பார்கள்.